கீறுவது கத்தி, வரைவது உடம்பு: ஸ்காரிஃபிகேஷன் என்றால் என்ன?

உங்கள் இடது மேல்கையைத் தடவிப் பாருங்கள். தோளுக்குச் சற்றுக் கீழே சின்னதாக, வட்டமாக ஒரு தழும்பு தட்டுப்படும். குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசியின் தடம் அது. ஊசி போட்ட சில வாரங்களில் அந்த இடம் கொப்புளமாக எழும்பி, உடைந்து, மெல்ல ஆறித் தழும்பாகியிருக்கும். வீட்டில் அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையையும் பாருங்கள். இதைவிடப் பெரிதாக, குழிந்து, ஓரம் சுருங்கிய தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அது அம்மை குத்தியது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-இல். நோய் ஒழிந்தது என்று 1977-இல் அறிவித்தார்கள். நோய் போய்விட்டது, தழும்பு மட்டும் ஒரு தலைமுறையின் கையில் தங்கிவிட்டது.

ஆக, தெரிந்தே உடம்பில் தழும்பு வரவழைக்கிற காரியம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்தத் தழும்பை யாரும் கேட்டு வாங்கவில்லை. மருந்து உள்ளே போன வழியில் அது மிஞ்சியது. தழும்புதான் வேண்டும், இன்ன இடத்தில் வேண்டும், இன்ன வடிவத்தில் வேண்டும் என்று தீர்மானித்துத் தோலைக் கீறியோ, சுட்டோ, உரித்தோ அதை வரவழைத்தால் அதற்குப் பெயர் ஸ்காரிஃபிகேஷன். டாட்டூ, காது குத்துதல், மூக்கு குத்துதல் போல இதுவும் உடம்பை விரும்பி மாற்றிக்கொள்கிற வழிகளில் ஒன்று. மை கிடையாது, நகை கிடையாது. தழும்பே அலங்காரம்.

மதுரையில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். காளை, வேல், அம்மா பெயர், குலசாமி என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இப்போது போனை நீட்டி, "அண்ணே, மை வேணாம்ணே. இந்த மாதிரி கீறி மட்டும் விட்டுர்றீங்களா? ஆறுனதும் டிசைன் தானா எந்திரிச்சு நிக்குமாம்ல?" என்று கேட்கிற தம்பிகளும் வருகிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. ஏன் என்பதை நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாது. தோலில் இருந்து தொடங்க வேண்டும். அந்தத் தம்பிகளுக்காகவும், இதைக் கேட்டதும் "காட்டுமிராண்டித்தனம்" என்று முகம் சுளிக்கிறவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு. மேல்தோல் உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மேலே உதிர்ந்துகொண்டும் அடியிலிருந்து வளர்ந்துகொண்டும் இருக்கிற அடுக்கு அது. வண்டியிலிருந்து விழுந்து முழங்கை லேசாகச் சிராய்த்தால் சுவடே இல்லாமல் ஆறிப்போகிறதே, காயம் மேல்தோலோடு நின்றுவிட்டதால்தான். அதற்கடியில் உள்தோல். இரத்தக் குழாய், நரம்பு, முடியின் வேர், வேர்வைச் சுரப்பி எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. டாட்டூ நீடில் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இறங்கி இந்த உள்தோலில் மையை விடுகிறது. துளை மிகச் சிறியது என்பதால் காயம் தழும்பில்லாமல் ஆறும், மை மட்டும் தங்கும். பழக்கமில்லாத கை மெஷினை அழுத்திப் பிடித்தால் கோடு தடித்து மேடாகிவிடும். அந்த மேட்டுக்குக் காரணம் மை இல்லை, தழும்பு.

உள்தோலை வெட்டினால் என்ன நடக்கிறது? முதலில் இரத்தம் உறைந்து காயத்தின் வாயை அடைக்கும். அடுத்த சில நாள் வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும். காயம் சிவந்து, சுட்டு, வலிக்கிற நாட்கள் இவை. பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத நாரைச் சுரந்து பள்ளத்தை நிரப்பும். முதலில் அவசரத்துக்கு மெல்லிய நாரைப் போட்டுவிட்டு, பின்னர் மாதக்கணக்கில் அதை எடுத்து எடுத்துத் தடித்த நாராக மாற்றும். இந்த வேலை ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நடக்கும். அத்தனைக்குப் பிறகும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதம் வரைதான் திரும்பும். நல்ல தோலில் கொலாஜன் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் ஒரே திசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். தழும்பின் மேல் முடி முளைப்பதில்லை, வேர்வை வருவதில்லை. வெளிச்சம் பட்டால் சுற்றியிருக்கிற தோலிலிருந்து அது தனியாக மின்னுவதும் இதனால்தான்.

இதில் கீறுகிறவர் கையில் இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். இடம், நீளம், ஆழம். அவ்வளவுதான். மேடாகுமா, பள்ளமாகுமா, கறுக்குமா, வெளுக்குமா, கோடு மெல்லியதாக நிற்குமா, பக்கவாட்டில் பரவுமா என்பதையெல்லாம் அந்த ஆளின் உடம்புதான் தீர்மானிக்கும். அதுவும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டு. டாட்டூவில் ஸ்டென்சில் ஒட்டினால் என்ன வரப்போகிறது என்று அன்றைக்கே காட்டிவிடலாம். தழும்பில் அப்படி யாராலும் காட்ட முடியாது. போனில் பார்க்கிற அழகான படங்களில் பல, கீறிய அன்றோ அந்த வாரமோ எடுத்தவை. சிவந்து, கூர்மையாக, ஓவியம் மாதிரி தெரியும். இரண்டு வருடம் கழித்து அதே தோல் எப்படி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

நம் நிறத்துத் தோலுக்கு இன்னொரு சங்கதி உண்டு. காயம் ஆறும்போது சிலருக்கு நார் போடுகிற வேலை நிற்கவே மாட்டேன் என்கிறது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்றால் அது சாதாரணத் தடித்த தழும்பு. ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் அடங்கவும் செய்யும். எல்லையைத் தாண்டி, நல்ல தோலுக்குள்ளும் புகுந்து வளர்ந்தால் அதற்குக் கீலாய்டு என்று பெயர். வெள்ளைத் தோல்காரர்களைவிடக் கறுத்த, மாநிறத் தோல்காரர்களுக்கு இது அதிகம் வரும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் ஆரம்பிப்பதே பெரும்பாலும். காது மடல், நெஞ்சு, தோள், முதுகின் மேல்பகுதி, தாடை ஓரம் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். தழும்பு கேட்டு வருகிற பையன்கள் காட்டுகிற இடமும் நெஞ்சும் தோளும்தான் என்பது எனக்குப் பெரிய கவலை.

காதில் இரண்டாவது துளை போட ஒரு தங்கச்சி கடைக்கு வந்தார். ஏற்கெனவே குத்திய காதைக் காட்டச் சொன்னேன். முடியை ஒதுக்கிக் காட்டினார். மடலின் பின்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. மேலே தோல் இழுத்துப் பிடித்து மினுமினுப்பாக, தொட்டால் கெட்டியாக. "குத்துனப்போ நல்லாத்தாண்ணே ஆறுச்சு. பல மாசம் கழிச்சுத்தான் வளர ஆரம்பிச்சது. ராத்திரியானா அரிக்கும். எங்க அம்மாவுக்கு நெஞ்சுல இதே மாதிரி இருக்கு" என்றார். காயம் ஆறிவிட்டது என்று எல்லாரும் மறந்த பிறகு வந்திருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது. கீலாய்டின் குணம் மொத்தமும் அவர் சொன்னதில் இருந்தது. துளை போடாமல் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு ஊசித் துளைக்கே இது என்றால், நெஞ்சு முழுக்கக் கீறினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

செய்கிற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தியால் கோடு கோடாகக் கீறுவது ஒன்று. அகலமான வடிவம் வேண்டுமென்றால் தோலையே சிறு துண்டாக எடுப்பது இன்னொன்று. காய்ச்சிய உலோகத்தாலோ, மின்சாரத்தால் சுடும் கருவியாலோ சூடு வைப்பது மூன்றாவது. சில இடங்களில் கீறிய காயத்துக்குள் சாம்பல், களிமண், கரி போன்றவற்றை வைத்து அடைப்பார்கள். காயம் சீக்கிரம் மூடாமல் உறுத்திக்கொண்டே இருந்தால் தழும்பு மேடாக எழும் என்பதற்காக. எப்படிச் செய்வது என்று இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உலகத்தில் இதைச் செய்தவர்கள், செய்கிறவர்கள் யார்? பாப்புவா நியூ கினியாவில் செபிக் என்றொரு பெரிய ஆறு. அதன் கரையில் வாழும் இயட்முல், சாம்ப்ரி மக்களுக்கு முதலைதான் மூதாதை. வயசுக்கு வருகிற பையன்களை ஆண்களுக்கான பெரிய சடங்கு வீட்டுக்குள் அழைத்துப்போய் முதுகிலும் தோளிலும் நெஞ்சிலும் வரிசை வரிசையாகக் கீறுவார்கள். முன்பு மூங்கில் சிம்பு, இப்போது பிளேடு. முதலை அவனை விழுங்கி ஆண்மகனாக வெளியே விட்டது என்பது நம்பிக்கை. ஆறிய பிறகு முதுகு முதலைத் தோலைப் போல வரிவரியாக நிற்கும். கீறும்போது அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறவர் யார் தெரியுமா? தாய்மாமன். பெற்றவளிடமிருந்து வந்த இரத்தம் வடிந்துபோகிற சடங்கு என்பதால் தாய்வழி உறவு பக்கத்தில் இருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் காதுகுத்துதான் நினைவுக்கு வந்தது. சீர்வரிசைத் தட்டும் மேளமுமாக வந்து, மடியில் பிள்ளையை உட்காரவைத்து, ஆசாரி கை காதுக்கு வரும்போது தலையை அணைத்துப் பிடிக்கிறவர் இங்கேயும் தாய்மாமன்தானே. வலி தரப்போகிற நேரத்தில் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்பது இரண்டு ஊருக்கும் தெரிந்திருக்கிறது.

தெற்கு சூடானின் நுயர் மக்களிடம் நெற்றியில் ஆறு கோடு. ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரை நீளும் இணைகோடுகள், எலும்பைத் தொடுகிற ஆழத்தில். கோடு விழுந்தால் அவன் ஆண்மகன். அதற்குப் பிறகு மாட்டில் பால் கறக்க மாட்டான், அது பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. நைஜீரியாவின் யோருபா மக்கள் இன்ன வம்சம் என்று தெரிய குழந்தையின் கன்னத்திலேயே கோடு போட்டார்கள். போரிலும் அடிமை வியாபாரத்திலும் சிதறியவர்களைச் சொந்தக்காரர்கள் அடையாளம் காண அந்தக் கோடு உதவியது. இன்று அதே நைஜீரியாவில் 2003-ஆம் வருடச் சிறார் உரிமைச் சட்டம், குழந்தையின் தோலில் குறி போடுவதையும் பச்சை குத்துவதையும் தடை செய்கிறது. இரண்டுமே எனக்குச் சரியாகப் படுகிறது: அன்றைக்கு அதற்கு ஒரு தேவை இருந்தது, இன்றைக்கு அந்தக் குழந்தையைக் கேட்காமல் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

ஆப்பிரிக்காவிலும் பாப்புவா நியூ கினியாவிலும் இவர்கள் மை குத்தாமல் ஏன் தழும்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு ஒரு எளிய காரணமும் உண்டு. நல்ல கறுப்புத் தோலில் மை அவ்வளவாக எடுபடாது. மேடாக எழும் தழும்போ வெயிலில் நிழல் விழுந்து தூரத்திலிருந்தே தெரியும். சரி, வெள்ளைத் தோல்காரர்கள் இதைச் செய்யவில்லையா? ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழக மாணவர்கள் சங்கம் வைத்து வாள்சண்டை போட்டார்கள். கண்ணையும் கழுத்தையும் பாதுகாத்துக்கொண்டு கன்னத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். கன்னத்தில் வெட்டு வாங்கியவனுக்கு அந்தத் தழும்பு படித்த, மேட்டுக்குடி ஆள் என்பதற்கு அத்தாட்சி. வக்கீலும் டாக்டரும் அந்தக் கன்னத்தோடு பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். இதையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு "காட்டுமிராண்டி" என்ற சொல்லை ஒரு பக்கத்து மக்கள் மேல் மட்டும் வீச எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கம் வருவோம். கூடலழகர் கோயில் இருக்கிற இந்த மதுரையில் பெரியாழ்வார் பாடியதாகச் சொல்லப்படும் திருப்பல்லாண்டில், "தீயிற் பொலிகின்ற செஞ்சுடர் ஆழி திகழ்திருச் சக்கரத்தின் கோயிற் பொறியாலே ஒற்றுண்டு" என்று வருகிறது. சக்கரப் பொறியைத் தீயில் காய்ச்சித் தோளில் ஒற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆட்பட்டோம் என்கிறார். வைணவர்கள் இன்றும் ஆசாரியரிடம் வலது தோளில் சக்கரமும் இடது தோளில் சங்கும் ஒற்றிக்கொள்கிறார்கள். மேலோட்டமாக ஒற்றுவதால் பலருக்கும் நாளடைவில் மங்கிவிடும். ஆனாலும் விரும்பி, இன்ன வடிவம், இன்ன இடம் என்று உடம்பில் ஏற்கிற சூடு இது. ஸ்காரிஃபிகேஷனுக்கு நம் மண்ணில் மிக நெருங்கிய சொந்தம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து அப்பத்தாக்களின் காதும் உடம்பை மாற்றிக்கொண்ட கதைதான். சின்ன வயதில் காதைக் குத்தி, ஈயக் குணுக்கு மாட்டி, கனத்தைக் கூட்டிக் கூட்டித் தோள் வரை காதை வளர்த்துத் தண்டட்டியும் பாம்படமும் போட்டார்கள். காலம் மாறியதும் அவர்களில் எத்தனையோ பேர் அதே காதைத் தைத்துக்கொண்டு தோடு போட்டார்கள். அழகு மாறும், காதை மறுபடி அறுத்துத் தைக்க வேண்டிவரும் என்பதற்கு அந்தத் தையல் தழும்பைவிட வேறு சாட்சி தேவையில்லை. குறவர் பெண்கள் ஊர் ஊராக வந்து முன்கையில் குத்திய பச்சைக் கோலமும், நேர்த்திக்கு அலகு குத்துவதும் வேறு வகை. பச்சையில் நிறம் தங்க வேண்டும். அலகில் எதுவுமே தங்கக் கூடாது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் கொம்பு கிழித்த தழும்பை மாடுபிடி வீரர்கள் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். விழுப்புண் படாத நாளையெல்லாம் வீண் நாள் என்று எண்ணிய வீரனைக் குறள் பாடுகிறது. அந்தப் பெருமையின் தொடர்ச்சிதான் இது. ஆனால் அந்தத் தழும்பின் வடிவத்தை முடிவு செய்தது மாடு. எனவே இதை ஸ்காரிஃபிகேஷனில் சேர்க்க முடியாது.

சேர்க்கவே கூடாத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மஞ்சள் காமாலை என்று கையிலும், இழுப்பு வந்தது என்று பச்சைக் குழந்தையின் நெற்றியிலும் வயிற்றிலும் சூடு போடுகிற பழக்கம். காமாலையில் பல ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வருபவை. ஓய்வும் சாப்பாடும் இருந்தால் சில வாரங்களில் தானாகவே குறையும். சூடு போட்ட பிறகு குறைந்ததால் பெயர் சூட்டுக்குப் போகிறது. தானாகக் குறையாத வகைக் காமாலை வந்தவர்கள் கையில் புண்ணோடு நாட்களைக் கடத்திவிட்டு, ஈரல் கெட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பச்சைக் குழந்தைக்குத் தீக்காயம் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இதை மரபு என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன். தன் உடம்பு, தன் வயது, தன் சம்மதம் மூன்றும் இருந்தால்தான் பேச்சே தொடங்க முடியும்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்கையில் பிளேடால் வரிசையாக அறுத்த கோடுகளோடு, "இதை மறைக்கிற மாதிரி ஒரு டாட்டூ போடுங்க" என்று வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது அலங்காரத்துக்கு அறுத்தது இல்லை. தாங்க முடியாத மனவலியை உடம்பில் இறக்கி வைக்கப் பார்த்தது. அவர்களிடம் நான் காரணம் கேட்டுத் துருவுவதில்லை, திட்டுவதும் இல்லை. டெலி மானஸ் என்று அரசு நடத்துகிற இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம் என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையையே போட்டுக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஸ்காரிஃபிகேஷன் என்று பெயர் சொல்லித் தனிச் சட்டம் இல்லை. பொதுவான குற்றவியல் சட்டத்தில், 18 வயது நிரம்பியவர் தானே சம்மதித்து ஏற்கிற சிறு காயத்துக்கு விலக்கு உண்டு. கொடுங்காயத்துக்கு அந்த விலக்கு கிடையாது. முகத்தையோ தலையையோ நிரந்தரமாக உருக்குலைப்பது கொடுங்காயக் கணக்கில் வரும். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிட்ட விவகாரத்தில் இருவர் கைதாகி, கடைக்குச் சீல் விழுந்தது. மயக்க ஊசி, கத்தி, தையல் எல்லாம் டாக்டரின் வேலை. மெஷின் பிடிக்கத் தெரிந்ததால் அந்த உரிமை எங்களுக்கு வந்துவிடாது.

கிருமி விஷயத்திலும் தழும்பு டாட்டூவைவிட மோசம், ஏனென்றால் காயம் பெரியது, திறந்தே கிடப்பது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு வைக்கிற ஒரே பிளேடு, ஒரே நீடில், திருவிழாக் கூட்டத்தில் பேட்டரி மெஷினால் குத்துகிற இடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டாட்டூ போட்டவர்களிடமே இரத்த வங்கிகள் 12 மாதம் இரத்தம் வாங்குவதில்லை. ராணுவ ஆளெடுப்புக்கு ஓடிப் பழகுகிற தம்பிகள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பழங்குடியினர் அல்லாதவர்களுக்கு நிரந்தர டாட்டூ முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி. நெஞ்சிலும் தோளிலும் எதையாவது செய்துகொள்வதற்கு முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

உடம்பில் ஏற்கெனவே வளர்கிற தழும்பு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை நீங்களே அறுக்கவோ, கட்டி இறுக்கவோ, சுண்ணாம்பு வைக்கவோ செய்யாதீர்கள். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும், முன்னைவிடப் பெரிதாகவும் வரும். அதற்குள்ளேயே போடுகிற ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் ஷீட், உறைய வைக்கும் சிகிச்சை, வெட்டினால் கூடவே கதிர்வீச்சு என்று வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்பதைத் தோல் டாக்டர் பார்த்துச் சொல்வார். பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் யாருக்காவது இதே மாதிரி இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காது குத்துகிறவரிடமும் டாட்டூ போடுகிறவரிடமும், அவர் கேட்காவிட்டாலும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.